ஒரு ஏரியல், இரண்டு பெட்டி

நம்மோடு படித்தவர்கள் கூடுகிற இடத்தில் வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வராமல் போவதில்லை. முக்கூடலில் வளர்ந்தவர்கள் யாரும் அதைத் தாண்டிவிட முடியாது. ஆளுக்கொன்று சொல்வீர்கள். யார் வீட்டு மாடு எந்த மரத்தில் சிக்கியது, யார் வீட்டு நெல் குதிருக்குள்ளேயே முளைத்து நாறியது என்று. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒங்கப்பா மட்டும் அன்னைக்கு ஒயர்லெஸ்ல தட்டலேன்னா மில்லு மச்சுல நின்ன அத்தன பேரும் போயிருப்பாங்க" என்பீர்கள். நான் சிரித்துவைப்பேன். முப்பது வருஷமாகச் சிரித்துவைத்திருக்கிறேன். நமக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்தாயிற்று. இனிமேலும் அப்படிச் சிரிக்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அப்பா உங்களுக்கெல்லாம் சயன்ஸ் சார். வீட்டில் அவருக்கென்று ஒரு அறை உண்டு. பரீட்சை எழுதி, அரசாங்க லைசன்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வெளியூர்க்காரர்களோடு ஒயர்லெஸ்ஸில் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர் அவர். நம் ஊரில் அவர் ஒருவர்தான். லைசன்ஸைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களோடு வரிசையாக மாட்டியிருந்தார். மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருக்கும். அலுமினியத் தகட்டில் அவரே அடித்துச் செய்தது அனுப்புகிற பெட்டி. மரச்சட்டம் போட்டது கேட்கிற பெட்டி. இரண்டும் ஒரு டிராக்டர் பேட்டரியில் ஓடின. குரல் போகாது, தந்தி அடிக்கிற மோர்ஸ் மட்டும்தான். கீ என்கிற தட்டும் கட்டையைத் தொட்டு எடுத்தால் 'டி', அழுத்திப் பிடித்தால் 'டா'. பேச வேண்டியதையெல்லாம் அந்த இரண்டை வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

பெட்டி இரண்டு இருந்தாலும் ஏரியல் ஒன்றுதான். எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து எதிர்வீட்டு அத்தையின் தென்னைக்கு இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி. அந்த ஒன்றுக்கே, "எங்க வீட்டுல இடிய எறக்கப் பாக்கீங்களா சார்?" என்று அத்தை மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னொரு கம்பி இழுக்க மரமும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே அந்த ஒன்றையே இரண்டு பெட்டிகளும் பங்கு போட்டுக்கொண்டன. கம்பி உள்ளே வருகிற ஜன்னல் சட்டத்தில், பீங்கான் பலகையில் கத்திபோல இரண்டு செப்புத் தகடு வைத்த ஒரு சுவிட்ச் இருந்தது. கைப்பிடியை மேலே தள்ளினால் ஏரியல் கேட்கிற பெட்டிக்குப் போகும். கீழே இழுத்தால் அனுப்புகிற பெட்டிக்கு. அப்பா உட்காரும் நாற்காலியிலிருந்து ஜன்னலுக்கு நான்கு எட்டு. ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து போய் மாற்றிவிட்டு வர முடியாது. அதனால் அம்மா அங்கே நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதுவரை அம்மா ஜன்னலோரம் நிற்பாள். அப்பா ஒரு விரலைத் தூக்கினால் கீழே இழுப்பாள், இரண்டு விரலைத் தூக்கினால் மேலே தள்ளுவாள். நடுவில் குழம்பு பொங்கினால் ஓடிப்போய் அடுப்பைத் தணித்துவிட்டு வருவாள். தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறினால், பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்ப்பாள். அந்த அறைக்குள் போனால் ஈயம் பற்றவைத்த வாடையும் புளி வாடையும் கலந்து வரும்.

அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பீடி சுற்றித் தன் வீட்டைக் காப்பாற்றியவள். அப்பாவுக்கு அதை வெளியே சொல்லப் பிடிக்காது. எதிர்வீட்டு அத்தை முறத்தை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் பத்துப் பீடி பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அவ்வளவு சுருக்கான விரல்கள்.

அவளுக்கு மோர்ஸ் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விரலைத் தூக்குவதற்கு முன்பே அவள் சுவிட்சைக் கீழே இழுத்தாள். அப்பா காதுக் கருவியைக் கழற்றினார்.

"நான் சொல்லுததுக்கு முன்ன எதுக்கு மாத்துத?"

"அவருதான் முடிச்சிட்டாருல்லா. 'நீங்க சொல்லுங்க'ன்னு தட்டியாச்சே."

காதுக் கருவியிலிருந்து கசிந்து வரும் சன்னச் சத்தத்தை நாலு எட்டு தள்ளி நின்று கேட்டே அவள் எழுத்துகளைப் பழகியிருந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "விரலப் பாத்து மாத்து, போதும்" என்றார்.

அப்புறம் ஒருநாள் அவரே அவசரப்பட்டார். சுவிட்ச் மேலே இருக்கும்போதே கீயைத் தட்டிவிட்டார். ஏரியல் இல்லாமல் தட்டினால் அந்தச் சக்திக்குப் போக்கிடம் இருக்காது. உள்ளே டிரான்சிஸ்டர் வெந்துவிடும். வெந்தது. ரப்பர் கருகிய நாற்றம் அறை முழுக்கப் பரவியது. நான் கதவுநிலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் விரலே தூக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வந்த ஹெட்மாஸ்டரிடம், "பொம்பளைங்கிட்ட சுவிட்ச விட்டா இப்பிடித்தான்" என்று சிரித்தார். அம்மா அப்போது காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். மெட்ராஸிலிருந்து புது டிரான்சிஸ்டர் வர ஒரு மாதம் ஆனது. வந்ததைப் பற்றவைத்தவள் அம்மா. அப்பாவுக்குக் கை லேசாக நடுங்கும், அதனால்.

அந்தப் புரட்டாசியில்தான் அவள் கேட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவுக்கு மோர் ஊற்றியபடியே, "ஏங்க, நானும் அந்தப் பரீட்ச எழுதட்டா?" என்றாள்.

"எந்தப் பரீட்ச?"

"ஒயர்லெஸ் பரீட்சதான்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "அதுக்கு மெட்ராஸ் போகணும். போயி எழுதி, பாஸாயி, நீ யாருகிட்ட பேசப்போற? நீயும் கீயில ஒக்காந்துட்டா சுவிட்ச்சுகிட்ட யாரு நிக்கது?"

நானும் சிரித்தேன். அப்பா ஏதாவது சொன்னால் சிரிக்கிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது.

வெள்ளத்துக்கு முந்தின நாள் அப்பா திருநெல்வேலி டவுணுக்குப் போனார். கூட வேலை பார்க்கும் சாரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அல்வா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மழை ஏற்கெனவே இரண்டு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மறுநாள் விடிந்தபோது பஸ் இல்லை, கரண்ட் இல்லை. ஆறு வயலுக்குள் வந்து, வயலைத் தாண்டித் தெருவுக்கும் வந்துவிட்டது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தது. வாசலில் நின்று பார்த்தால் வைக்கோல் படப்பு ஒன்று அப்படியே நகர்ந்து போனது, அதன்மேல் நாலு கோழி.

காலை ஒன்பது மணி இருக்கும். எதிர்வீட்டு மாமா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். வயலோரக் குடிசைக்காரர்கள் முப்பது நாற்பது பேர், குழந்தைகுட்டிகளோடு பழைய அரிசி மில்லின் மச்சில் ஏறி நிற்கிறார்கள் என்றார். நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவளும் அவள் தம்பியும் அதில் இருந்தார்கள், ஞாபகம் இருக்கும். சுற்றிலும் சுழித்து ஓடுகிறது, நீந்திப் போக முடியாது.

"மேலச் சொவரு விரிசல் விட்டிருக்கு. சாயங்காலம்வர தாங்குமான்னு தெரியல. போஸ்டாபீஸ் போன் செத்துப்போச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே தண்ணி நிக்கி. சார் இருந்தாலாவது..."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நீங்க போயி அவங்கள கத்தாம இருக்கச் சொல்லுங்க. பயந்து ஓரத்துக்கு வந்துரக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏளா, வா. சுவிட்ச்சுகிட்ட நில்லு."

முதலில் ஜன்னல் வழியாகத் தென்னையைப் பார்த்தாள். மரம் சாய்ந்திருந்தது, கம்பி தொய்ந்திருந்தது, அறுந்திருக்கவில்லை. நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் சொல்ல வேண்டியதை எழுதினாள். "மச்சுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள். டெரஸ் என்றேன். அதற்கு 'ஆர்' ஒன்றா இரண்டா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒன்று போதும் என்று முடிவு செய்தோம். அப்பாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நுனியில்தான் உட்கார்ந்தாள்.

ஹாம்காரர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு அழைப்புக் குறி கொடுக்கும். அதைத் தட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். அம்மாவுக்கென்று எதுவும் கிடையாது. அப்பாவின் குறியைத் தட்டினாள்.

தட்டி முடித்து இரண்டு விரலைத் தூக்குவாள். நான் மேலே தள்ளுவேன். காதுக் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்பாள். ஒன்றும் வராது. ஒரு விரல் தூக்குவாள், கீழே இழுப்பேன். பீங்கான் ஈரத்தில் ஜில்லென்று இருந்தது, கை வழுக்கியது. எத்தனை தடவை என்று எனக்குக் கணக்குத் தெரியாது. என் தோள் கடுத்துப்போய் அழுகை வந்தது. "அழாத. நீ லேட்டா மாத்தினா பெட்டி வெந்துரும். அப்புறம் நமக்கு வேற வழியே கெடையாது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஒரு மணி நேரம் போன பிறகு அவள் முதுகு நிமிர்ந்தது. பென்சில் ஓடியது. மதுரையிலிருந்து ஒரு டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பேசுகிறவர். பேட்டரி இறங்கிக்கொண்டிருந்ததால் அவருக்குப் பாதி எழுத்து போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு என்று கேட்டார். அம்மா ஒவ்வொரு சொல்லையும் மூன்று மூன்று தடவை தட்டினாள். அவர் போனில் கலெக்டர் ஆபீஸைப் பிடித்துவிட்டு வந்து, 'சொல்லியாயிற்று, படகு புறப்படுகிறது' என்று தட்டினார். அம்மா அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு நோட்டை எடுத்தாள். எந்த நேரத்தில் யாரோடு பேசியது என்று அப்பா எழுதிவைக்கிற லாக் நோட்டு. அதில் தன் கையெழுத்தில் நேரம், விவரம் எல்லாம் ஒழுங்காக எழுதினாள். எதிர்வீட்டு அத்தை பீடி முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"மதினி, நீங்களா தட்டுதீங்க?"

அம்மா தலையை மட்டும் அசைத்தாள்.

மதியம் ஆலங்குளம் பக்கமிருந்து லாரியில் படகு வந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கடைசிப் படகு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மேலச்சுவர் விழுந்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அம்மா அதைப் பார்க்கப் போகவில்லை. பெரிய பானையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். பாதித் தூரம் லாரி, மீதி நடை. வேட்டி முழுக்கச் சேறு. அம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, பொங்கி வரும் சிரிப்பை அடக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அப்படி மூச்சுவிடாமல் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா கால் கழுவுவதை நிறுத்தினார்.

"யாரக் கேட்டு கீயத் தொட்ட?"

அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"அத்தன பேரு மச்சுல நின்னாங்க..."

"லைசன்ஸ் இல்லாத ஆளு தட்டினது தெரிஞ்சா என்ன ஆவும் தெரியுமா? பெட்டியப் பிடுங்கிட்டுப் போவான். என் வேலையே போவும்."

அன்று ராத்திரி அவர் லாக் நோட்டில் அம்மா எழுதிய பக்கத்தைப் பிளேடால் அறுத்து எடுத்தார். அதே நேரம், அதே விவரத்தைத் தன் கையெழுத்தில் எழுதி வைத்தார். அவர் பயந்தது உண்மைதான். அதுவரைக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் தாசில்தார் வந்தார். கூட ஒரு பத்திரிகைக்காரர். "சார், பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க" என்று தாசில்தார் அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நம்மால ஆனது" என்றார். வெள்ளத்துக்கு முந்தின நாள் மாலையே டவுணிலிருந்து திரும்பிவிட்டதாகச் சொன்னார். தாசில்தார் என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, அப்பா தட்டும்போது நீயும் கூட இருந்தியாமே? பயமா இல்லையா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அவர் அப்படித் தொடுகிறவர் இல்லை.

"இல்ல சார். அப்பா தட்டினாங்க, நான் சுவிட்ச் மாத்தினேன்."

அப்போதுதான் அம்மா காபித் தட்டோடு உள்ளே வந்தாள். ஒவ்வொரு டம்ளராக எடுத்து வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எதிர்வீட்டு அத்தை மட்டும் பிறகு அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "விடுங்க மதினி. சார் பேரு வந்தா ஒங்க பேரு வந்த மாதிரிதான்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தியது உங்களுக்கு நினைவிருக்கும். நான் மேடையேறிப் பேசியதும் நினைவிருக்கும். எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு அம்மா தலைவலி என்று வரவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் ஒரு கார்டு வந்தது. தபால்காரர் வாசலில் என் கையில்தான் கொடுத்தார். மதுரை டாக்டர் எழுதியிருந்தார். அப்பாவின் பெயருக்குத்தான் வந்திருந்தது, ஆனால் கார்டு என்பதால் யாரும் வாசிக்கலாம். வாசித்தேன். மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டாம், கையெழுத்து மாதிரி. 'அன்றைக்குத் தட்டியது உங்கள் கை இல்லை. உங்களுடையதைவிடச் சுத்தமான கை. யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லைசன்ஸ் இல்லாதவர் என்றால் பரீட்சைக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். இந்த விஷயத்தை நான் எங்கேயும் பேச மாட்டேன். மெட்ராஸ் போய்த் தங்க வேண்டுமென்றால் என் தங்கை வீடு இருக்கிறது.' இவ்வளவுதான். பொடிப்பொடியாக, கார்டு நிறைய எழுதியிருந்தார்.

அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் நடுவில், முற்றத்தில் நின்றேன். அம்மாவிடம் கொடுத்தால் வீட்டில் சண்டை வரும் என்று பயந்ததாக வெகு காலம் என்னையே நம்பவைத்திருந்தேன். அது இல்லை. மேடையில் நான் சொன்னது பொய் என்று நீங்களெல்லாம் தெரிந்துகொள்வீர்கள், ஜியாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்றுதான் பயந்தேன்.

அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வாசிச்சியா?" என்றார். இல்லை என்றேன். அந்தக் கார்டை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

தை மாதம் அவர் ஒரு ரிலே வாங்கி வந்தார். கீயைத் தொட்டதும் தானாகவே ஏரியலை மாற்றிவிடுகிற சின்ன டப்பா. ஜன்னல் சட்டத்திலிருந்து பழைய சுவிட்சைக் கழற்றினார். அந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள் இருந்தன, அவற்றுக்கு மெழுகு வைத்து அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இனிமே நீ நிக்காண்டாம். அதுவே மாத்திக்கிடும்" என்றார் அப்பா.

"சரிங்க" என்றாள். ரிலே டக் என்று மாறுகிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். அம்மா அந்த அறைக்குள் பெருக்குவதற்குக்கூடப் போகவில்லை. நான்தான் பெருக்கினேன்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா இப்போது என்னோடு பாளையங்கோட்டையில் இருக்கிறாள். காது மந்தமாகிவிட்டது, பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். போன மாதம் ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கார்டைப் பற்றிச் சொன்னேன். அதில் இருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். முப்பது வருஷமாக அது எனக்கு மனப்பாடம். அவள் உருவுவதை நிறுத்தவில்லை.

"அந்த டாக்டரு இருக்காரா?"

"இல்லம்மா. விசாரிச்சேன். போயிட்டாரு."

இன்னும் இரண்டு கொத்து உருவினாள்.

"ஒங்கப்பா ஒளிச்சு வச்சதுல எனக்கு ஒண்ணும் அதிசயமில்ல. நீ எதுக்குளா அவர் கையில கொடுத்த?"

"அவங்க பேருதானம்மா போட்டிருந்துச்சு."

"என் கைன்னு எழுதியிருந்துச்சுல்லா?"

"சின்னப் பிள்ளம்மா நான். பத்து வயசு."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பத்து வயசுப் பிள்ளையத்தான் நம்பி சுவிட்ச்ச விட்டேன்" என்றாள். உருவிய கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.